நிணத்தின் கணக்கு

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கிளே சென்டர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அதன் அருகே கடற்படைக்கான வெடிமருந்துக் கிடங்கு ஒன்று இயங்கியது. போர் முடிந்து கிடங்கின் தேவையும் முடிந்தபின், 1960-களில் ஏறத்தாழ 35,000 ஏக்கர் நிலம் வேளாண்துறையின் கைக்கு வந்து, இறைச்சி விலங்கு ஆராய்ச்சி நிலையமாக மாறியது. குண்டுகளை அடுக்கி வைத்திருந்த மண்மூடிய கிடங்குகளின் இடையே மாடுகள் மேயத் தொடங்கின. 1969-ல் அங்கே ஓர் ஒப்பீட்டு ஆய்வு தொடங்கப்பட்டது. உலகின் மாட்டினங்களில் எது விரைந்து வளர்கிறது, எதன் இறைச்சி மென்மையானது, எதில் சதை மிகுதி, எதில் கொழுப்பு மிகுதி என்பதே கேள்வி. கீத் கிரெகரி, லாரி கண்டிஃப் முதலிய ஆய்வாளர்கள் முப்பதாண்டுகளுக்கும் மேலாக, சுற்றுச் சுற்றாக, முப்பதுக்கு மேற்பட்ட இனங்களை வைத்து அந்தக் கேள்விக்கு விடை தேடினார்கள்.

இலக்கியம் பேசும் நண்பர்களிடையே மாட்டிறைச்சி ஆராய்ச்சிக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றலாம். தமிழ் இலக்கியம் படித்து, அதையே கல்லூரியில் பாடம் நடத்திக் காலம் கழிக்கும் எனக்கும் அந்த ஆய்வறிக்கைகளுக்கும் நேரான தொடர்பு கிடையாது. அவற்றிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு சொல். நிணம் என்ற சொல்.

சங்கப் பாடல்களைப் பாடம் நடத்துகிறவர்கள் இந்தச் சொல்லைத் தவிர்க்க முடியாது. போர்க்களத்திலும் விருந்திலும் அது திரும்பத் திரும்ப வரும். உரைகளில் 'கொழுப்பு' என்று பொருள் எழுதியிருக்கும். நாமும் அப்படியே சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவோம். சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் அவ்வாறு கடந்து போகையில் ஒரு மாணவர் எழுந்தார். ஆம்பூர்ப் பக்கத்துப் பையன். "ஐயா, கொழுப்புல ரெண்டு வகை இருக்குது. தோலுக்கு அடியில மேலாப்புல நிக்கிறது ஒண்ணு, கறிக்குள்ளயே நூல் நூலா ஓடுறது ஒண்ணு. மேல இருக்கிறத வெட்டிப் போட்டுருவாங்க. உள்ள ஓடுறதுதான் ருசி. பாட்டுல வர்றது எதுங்கய்யா?" என்றார்.

வகுப்பில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது, பிறகு அமைதி. எந்தக் கறியைப் பற்றிப் பேசுகிறார் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அந்த அமைதியின் எடையை ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். தொடர்ந்து சொல்லுமாறு கேட்டுக்கொண்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். தொடைக்கறி எதற்கு ஆகும், நெஞ்செலும்பு எதற்கு ஆகும், வேலைசெய்து கிழடு தட்டிய மாட்டின் கறியை எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும், எதை உப்புக்கண்டம் போட வேண்டும் என்றெல்லாம் தம் தாய்க்குத் தெரியும் என்றார். அவருடைய வீட்டு அடுக்களையில் இருந்த அந்த அறிவு நான் படித்த எந்த உரையாசிரியரிடமும் இல்லை.

என் மனைவியின் தம்பி கால்நடை மருத்துவர். அவரிடம் இந்தக் கேள்வியைச் சொன்னபோது, "மாமா, அந்தப் பையன் கேட்டதுதான் இந்தத் துறையில் பெரிய கேள்வி. நெப்ராஸ்காக்காரர்கள் அதற்காகவே முப்பது வருஷம் செலவழித்திருக்கிறார்கள்" என்று சொல்லி, படித்துப் பார்க்கச் சில கட்டுரைகளையும் தந்தார். அவற்றைப் படித்ததன் விளைவே இது.

*

ஒப்பிடுவது எளிய காரியமன்று என்பதே அந்த ஆய்விலிருந்து நான் முதலில் கற்ற பாடம். ஒரு பண்ணையில் ஓர் இனமும் வேறொரு பண்ணையில் வேறோர் இனமும் வளர்ந்தால், காணும் வேறுபாடு மாட்டினுடையதா, தீவனத்தினுடையதா, வளர்ப்பவருடையதா என்று பிரித்தறிய வழியில்லை. எனவே தாய்ப்பசுக்களைப் பொதுவாக வைத்தார்கள். ஹெரிஃபோர்டு, ஆங்கஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் இனப் பசுக்களுக்குப் பல்வேறு இனக் காளைகளின் விந்தைச் செயற்கை முறையில் செலுத்தினார்கள். பிறந்த கலப்புக் கன்றுகளை ஒரே இடத்தில், ஒரே தீவனத்தில் வளர்த்தார்கள். முதற்சுற்றுக் கன்றுகள் 1970-ல் பிறக்கத் தொடங்கின. பிரான்சின் ஷரோலே, லிமூசான், சுவிட்சர்லாந்தின் சிம்மெண்டால், இங்கிலாந்தின் சவுத் டெவன் ஆகியவற்றோடு, நம் ஊர்ப் பால்காரர் வீடுகளில் கலப்பினமாக நிற்கிற ஜெர்சியும் அதில் இருந்தது. அடுத்த சுற்றில் இத்தாலியின் கியானினா போன்றவை வந்தன. மூன்றாம் சுற்றில் திமிலுள்ள இனங்களான பிராமனும் சாகிவாலும் வந்தன. 1980-களின் பிற்பகுதியில் தொடங்கிய நான்காம் சுற்றில் நெல்லூர் மாடு வந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இதிலும் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. எந்தக் கட்டத்தில் ஒப்பிடுவது? ஒரே வயதில் வெட்டி ஒப்பிட்டால் ஒரு வரிசை கிடைக்கிறது. ஒரே எடை வந்ததும் ஒப்பிட்டால் வேறொரு வரிசை. முதுகுக் கொழுப்பு ஒரே கனம் வந்த நிலையில் ஒப்பிட்டால் மூன்றாவது வரிசை. ஆய்வாளர்கள் ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றவற்றை மறைக்கவில்லை. எல்லாக் கணக்கையும் தனித்தனியே போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒரு கவிஞரை அவருடைய இருபத்தைந்தாம் வயதில் எடுத்து, மற்றொருவரின் அறுபதாம் வயதோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லும் நம் விமர்சன வழக்கத்தை அப்போது நினைத்துக்கொண்டேன். இருவரும் எந்த நிலையில் சமம் என்று வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறோம் என்பதை நம்மில் எத்தனை பேர் முதலில் சொல்கிறோம்?

கட்டம் மாறினால் வரிசை மாறுவதற்குக் காரணம் வளர்ச்சியின் இயல்பில் இருக்கிறது. கன்றின் உடலில் எலும்பு முந்தி வளர்கிறது, அடுத்துச் சதை, கடைசியில் கொழுப்பு. கொழுப்பிலும் ஒரு வரிசை உண்டு. சிறுநீரகத்தைச் சுற்றியும் தோலுக்கடியிலும் திரண்டு, ஓரளவு நிறைந்த பிறகே சதையின் இழைகளுக்கிடையே கொடியோடத் தொடங்குகிறது. சிறிய உடலோடு விரைவில் முதிரும் இனம் இந்தக் கடைசிக் கட்டத்தைச் சீக்கிரம் எட்டிவிடும். பெரிய உடலும் தாமதமான முதிர்ச்சியும் கொண்ட இனம் அதே வயதில் இன்னும் எலும்பும் சதையும் சேர்த்துக்கொண்டிருக்கும். மாணவர் சொன்ன 'நூல் நூலாக ஓடும்' கொழுப்பைப் பளிங்கில் ஓடும் வரிகளுக்கு ஒப்பிட்டு ஆங்கிலத்தில் பெயரிட்டிருக்கிறார்கள். தமிழில் நிணவரி என்று சொல்லிப் பார்க்கிறேன். அமெரிக்கத் தர நிர்ணயத்தில், பன்னிரண்டாம் விலாவுக்கும் பதின்மூன்றாம் விலாவுக்கும் இடையே அறுத்து, அந்த வெட்டுமுகத்தில் நிணவரி எவ்வளவு என்று கண்ணால் பார்த்து மதிப்பிடுகிறார்கள். பிரைம், சாய்ஸ், செலக்ட் என்ற படிகள் பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகின்றன. ஜப்பானில் இதே மதிப்பீடு 1 முதல் 12 வரை எண்ணிட்ட நுட்பமான அளவாக விரிகிறது.

முடிவுகள் என்ன சொல்லின? ஷரோலே, சிம்மெண்டால் கலப்புகள் விரைந்து வளர்ந்தன. ஒரே வயதில் அவற்றின் எடை மிகுதி, சதை மிகுதி, கொழுப்புக் குறைவு. ஆனால் அந்த வளர்ச்சிக்கு முதல் விலை கொடுத்தவள் தாய். கன்று பெரிதாக இருந்ததால் ஈனுவதில் இடர்ப்பாடு அதிகமாயிற்று. பிரிட்டிஷ் இனங்கள் சற்றுச் சிறியவை, நிணவரியில் முந்தின. பாலுக்காகவே வளர்க்கப்பட்ட ஜெர்சியின் கலப்பு எடையில் கடைசியில் நின்றாலும் நிணவரியில் முன்வரிசைக்கு வந்தது. இறைச்சியும் மென்மையாக இருந்தது. நம் தொழுவத்தில் காளைக்கன்று பிறந்தாலே பயனற்றதென்று கருதப்படுகிற அதே ஜெர்சி. 1990-களின் இறுதியில் ஜப்பானின் வாக்யூவைச் சேர்த்தபோது அதுவே நிணவரியில் தலைமை கொண்டது. வளர்ச்சியில் மெதுவாகவே நடந்தது. எல்லாப் பண்புகளிலும் முதலிடம் பெற்ற இனம் ஒன்றுமில்லை. ஒன்றில் கொடுத்து ஒன்றில் வாங்கவேண்டியிருந்தது. இனங்களுக்கிடையே உள்ள அளவுக்கு வேறுபாடு ஓர் இனத்துக்குள்ளேயே இருந்தது என்பது இன்னொரு முடிவு. இனத்தின் பெயரைச் சொல்லித் தனி மாட்டைத் தீர்மானிக்க முடியாது என்பதே இதன் பொருள். மாட்டைத் தாண்டியும் செல்லுபடியாகிற உண்மை இது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏழாம் சுற்றில் முந்திய ஆய்வின் முடிவே மாறியிருந்தது. 1999 தொடங்கிப் பிறந்த கன்றுகளை அளந்தபோது ஆங்கஸ், ஹெரிஃபோர்டு போன்ற பிரிட்டிஷ் இனங்கள் வளர்ச்சியில் ஐரோப்பியப் பெருநில இனங்களை ஏறக்குறைய எட்டிப் பிடித்திருந்தன. இடைப்பட்ட முப்பதாண்டுகளில் வளர்ச்சிக்கென்றே காளைகளைத் தேர்ந்தெடுத்ததன் விளைவு அது. சதை விகிதத்தில் மட்டும் பழைய வேறுபாடு எஞ்சியிருந்தது. இனம் என்று நாம் நிலையானதாக எண்ணுவது முப்பதாண்டுகளில் இவ்வளவு நகர்ந்துவிடுகிறது.

*

மென்மையை எப்படி அளப்பது? ஒருபுறம், பயிற்சி பெற்ற சுவைஞர் குழு ஒன்று மென்று பார்த்து மதிப்பெண் இடுகிறது. மறுபுறம், வார்னர், பிராட்ஸ்லர் என்ற இருவரின் பெயரால் அழைக்கப்படும் கருவி. இறைச்சித் துண்டை ஏறத்தாழ 71 பாகை செல்சியஸ் வரை வாட்டி, ஆறவைத்து, தசையிழையின் போக்கிலேயே 1.27 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளைகளாகத் துளைத்தெடுப்பார்கள். இழைகளுக்குக் குறுக்கே ஒரு தகட்டை இறக்கி, அறுக்க எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று கிலோவில் குறிப்பார்கள். எண் கூடினால் கறி கடினம். பொருநராற்றுப்படையில் கரிகாலனின் விருந்தை உண்ட பொருநன் பல் மழுங்கியதைச் சொல்வானே, அந்தப் பல்லின் இடத்தில் ஒரு தகடு.

நிணவரி மிகுந்தால் மென்மை மிகும் என்பது சந்தையின் நம்பிக்கை. ஓரளவு உண்மைதான், ஆனால் மென்மையில் காணும் வேறுபாட்டில் ஒரு சிறு பங்கையே நிணவரி விளக்குகிறது. இத்தாலியின் பீட்மான்டீஸ் இனமே சான்று. அதற்கும் பெல்ஜியன் புளூவுக்கும் சதை வளர்ச்சிக்குக் கடிவாளமிடும் மயோஸ்டாட்டின் மரபணுவில் பழுது உண்டு. 1997-ல் இதைக் கண்டறிந்தார்கள். கடிவாளம் அறுந்ததால் தசை இரட்டித்துத் திரள்கிறது. நிணவரி மிகக் குறைவு. ஆயினும் கறி மென்மையாகவே இருக்கிறது. பெல்ஜியன் புளூ பசுக்களில் பெரும்பாலானவை வயிற்றைக் கிழித்தே கன்றை ஈன்றாக வேண்டும் என்பது அந்தச் சதையின் மறுபக்கம்.

மென்மையின் பெரும்பகுதி உயிர் பிரிந்த பிறகே தீர்மானமாகிறது என்பது எனக்குப் புதிய செய்தி. வெட்டிய இறைச்சியைக் குளிரில் ஒன்றிரண்டு வாரம் தொங்கவிட்டால், தசைக்குள்ளேயே இருக்கும் கால்பெய்ன் என்ற நொதி இழைகளின் கட்டுகளைச் சிறிது சிறிதாக அறுத்துத் தளர்த்துகிறது. அந்த நொதியை அடக்கிவைக்கக் கால்பாஸ்டாட்டின் என்றொரு புரதமும் அதே தசையில் இருக்கிறது. திமிலுள்ள இனங்களில் இந்த அடக்கும் புரதம் மிகுதி. எனவே அவற்றின் கறி எளிதில் தளர்வதில்லை. பிராமன், சாகிவால், நெல்லூர்க் கலப்புகள் வெட்டுவிசைக் கணக்கில் கடினம் என்ற பக்கத்தில் நின்றதற்கு இது முக்கியக் காரணம். திமில் இனத்தின் பங்கு கூடக்கூட மென்மை குறைந்தது.

நம் மாடு மட்டம் என்று ஆய்வு சொல்லிவிட்டதோ என்று இதைப் படித்தபோது ஒரு கணம் முகம் சுளித்தது உண்மை. பிற்பாடு யோசித்தால், அந்தச் சுளிப்புக்கும் அந்த மாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதே அறிக்கைகளில் பிராமன் கலப்புப் பசுக்களின் நெடிய பயன்காலமும் கன்றைப் பேணும் திறனும் பேசப்படுகின்றன. வெயிலையும் உண்ணியையும் தாங்கும் அவற்றின் ஆற்றலோ உலகறிந்தது. நெப்ராஸ்காவின் குளிர்காலத்தில் அவற்றின் கலப்புக் கன்றுகள் வளர்ச்சியில் பின்தங்கின. வெப்பமும் ஈரமும் மிகுந்த மெக்சிகோ வளைகுடாக் கரையிலோ அவை இல்லாமல் மாட்டுப் பண்ணைத் தொழிலே நடவாது.

இதைத் தெளிவாக்கும் பழைய பரிசோதனை ஒன்றுண்டு. 1960-களில் குளிர் மிகுந்த மொண்டானாவிலும் வெப்பம் மிகுந்த ஃபுளோரிடாவிலும் ஹெரிஃபோர்டு மந்தைகளை இடம் மாற்றி வளர்த்துப் பார்த்தார்கள். ஒரே இனம்; தலைமுறைகளாக வாழ்ந்த இடம் மட்டும் வேறு. மொண்டானா மந்தை மொண்டானாவிலும் ஃபுளோரிடா மந்தை ஃபுளோரிடாவிலும் சிறந்து விளங்கின. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, விலங்கைக் கருப்பொருளாக அதற்குள் அடக்கிய தொல்காப்பியரின் வைப்புமுறையை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறவன் நான். அதற்கு இப்படியொரு புள்ளிவிவரச் சான்று கிடைக்கும் என்று எதிர்பார்த்ததில்லை. முதற்பொருளைச் சொல்லாமல் கருப்பொருளைத் தரம் பிரிப்பது பொருளற்ற வேலை.

*

நான்காம் சுற்றில் வந்த நெல்லூர் மாடு நம் ஓங்கோல் மாடுதான். நெல்லூர்ச் சீமை நெடுங்காலம் சென்னை மாகாணத்தோடு இருந்த பகுதி. வெண்ணிறமும் பெருந்திமிலும் கொண்ட அந்த மாடு கரிசல் நிலத்தில் ஆழ உழவும் பாரம் இழுக்கவும் வளர்க்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அது கடல் கடக்கத் தொடங்கிவிட்டது. 1906-ல் டெக்சாசின் பியர்ஸ் பண்ணைக்காக இந்தியாவிலிருந்து திமில் மாடுகள் கப்பலேறின. அத்தகைய ஓங்கோல், காங்க்ரெஜ், கிர், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடுகளின் கலப்பில் உருவான அமெரிக்க இனத்துக்குத்தான் பிராமன் என்று பெயர். கொன்று தின்பதற்கென்றே உருவாக்கிய இனத்துக்கு அப்படியொரு பெயர் வாய்த்ததை எந்த நகைச்சுவை எழுத்தாளரும் கற்பனை செய்திருக்க முடியாது.

பிரேசிலுக்குப் போன ஓங்கோலின் கதை இன்னும் பெரியது. 1960-களின் தொடக்கத்தில் போன கடைசிக் கூட்டத்தில், ஓங்கோலை அடுத்த கரவதி என்ற ஊரின் பெயரைச் சுமந்த காளை ஒன்று இருந்தது. பிரேசிலின் பல்லாயிரம் மாடுகளின் மூதாதை அது. இன்று இருபது கோடிக்கு மேற்பட்ட மாடுகள் உள்ள அந்த நாட்டில் இறைச்சி மாடுகளின் பெரும்பகுதி நெலோரே என்றே அழைக்கப்படுகிறது. கடினக் கறி என்ற தீர்ப்பு அங்கே அதைத் தடுக்கவில்லை. புல்லை மட்டும் தின்று வெப்ப மண்டலத்தில் பிழைத்து எடை போடும் மாடு வேறெதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2023-ல் வியாட்டினா-19 என்ற நெலோரே பசுவின் மூன்றிலொரு பங்கு ஏலம் போனது. அந்தக் கணக்கில் முழுப் பசுவின் மதிப்பு நாற்பது லட்சம் டாலருக்கும் மேல். கின்னஸ் பதிவேட்டில் ஏறிய அந்தப் பசுவின் எடை 1,101 கிலோ. அதன் பாட்டனின் பாட்டன் நம் பக்கத்து மாநிலத்தில் ஏர் இழுத்திருக்கும்.

ஏர் இழுத்த மாடு என்று சொல்லும்போது என் வீட்டு நினைவும் வருகிறது. என் தந்தை கொங்குநாட்டுச் சந்தைகளில் மாடு பிடிப்பதில் பெயர் பெற்றவர். வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார்; இரண்டு பல், நாலு பல், கடை சேர்ந்தது என்று வயது சொல்வார். குளம்பு, நடை, சுழி, திமில் எல்லாம் பார்ப்பார். தரகரோடு துண்டுக்குள் கைவிட்டு விரலால் விலை பேசுவார். உழைப்பைத் தாங்குமா என்பது ஒன்றே அவருடைய தரக்கணக்கு. அந்த மாடு பத்துப் பன்னிரண்டு ஆண்டு உழைத்து ஓய்ந்ததும் வீட்டில் அதற்கு வேறு பெயர் வந்துவிடும்: அடிமாடு. ஒரு நாள் விடிகாலை யாரோ வந்து ஓட்டிப்போவார்கள். அது எங்கே போகிறது என்று வீட்டில் எவரும் பேசமாட்டார்கள். அந்தப் பணத்தையும் சேர்த்துத்தான் அடுத்த ஜோடி வாங்குவது.

என் மாணவரின் தாய் வாங்கிய கறி அந்த அடிமாட்டின் கறி. எங்கள் வீட்டில் முடிந்த பேச்சு அவர் வீட்டில்தான் தொடங்கியிருக்கிறது. இப்போது நெப்ராஸ்காவின் கணக்கை அந்த அடுக்களையில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அங்கே வெட்டப்பட்டவை பெரும்பாலும் 14 முதல் 16 மாதமான, காயடித்த இளங்காளைகள். சோளமும் பதப்படுத்திய பசுந்தீவனமும் தின்று வளர்ந்தவை. இங்கே வருவதோ வயதேறிய மாடு. வயது ஏற ஏறத் தசைகளைப் பிணைக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் பின்னல் இறுகிக்கொண்டே போகும். அந்த இறுக்கத்தின் முன்னால் இனத்துக்கு இனம் காணும் வேறுபாடு சிறியது. வாட்டினால் அது தோல்வார் போலாகும். நீர்விட்டு நெடுநேரம் வேகவைத்தால் அதே பின்னல் கரைந்து பசையாகிக் குழம்புக்குக் கெட்டியும் சாறும் தரும். இளங்காளையின் கறியில் அந்தச் சாறு கிடையாது. எலும்புச் சூப்பின் ருசி அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வெட்டுவிசைக் கருவி வாட்டிய துண்டைத்தான் அளக்கிறது. கறியைத் தட்டில் வைத்துக் கத்தியால் அறுத்துத் தின்னும் மேசை ஒன்று அந்தக் கருவிக்குப் பின்னால் இருக்கிறது. மேசை மாறினால் தரமும் மாறும். இதற்கு ஆம்பூர் வரை வரவேண்டியதில்லை. அமெரிக்க நிணவரிக் கணக்கில் கீழே தள்ளப்படும் கியானினா மாட்டின் கறியைத்தான் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்தார் விறகுத் தணலில் வாட்டிப் பெருமையோடு விருந்தினருக்குப் படைக்கிறார்கள். அவர்களுடைய மரபு மாட்டை அவர்கள் எந்த நெப்ராஸ்காவிடமும் கேட்டு மதிக்கவில்லை.

நமக்கு அந்த வாய்ப்பு ஏன் இல்லாமல் போயிற்று என்பது எனக்குள் உறுத்துகிற கேள்வி. சங்கப் பாலைப் பாடல்களில் மறவர் ஆவைக் கொன்று உண்ட குறிப்பு இருக்கிறது. நாங்கள் பாடமும் நடத்துகிறோம். ஆனால் இன்று அதை உண்பவரின் அறிவை அறிவென்று வகுப்பறை ஏற்பதில்லை. 2017-ல் சந்தையில் வெட்டுக்கு மாடு விற்பதை மைய அரசின் விதி தடைசெய்தபோது, உயர்நீதிமன்ற மதுரைக் கிளையும் பின்பு உச்சநீதிமன்றமும் அதை நிறுத்திவைத்தன. 2022 மே மாதம் ஆம்பூரிலேயே நடக்கவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சிக்கு இடமில்லை என்று ஆனபோது எதிர்ப்பு எழுந்தது, விழா தள்ளிவைக்கப்பட்டது. தின்னலாமா கூடாதா என்ற ஒரே கேள்வியில் நம் பேச்சு முழுவதும் அடைபட்டுக் கிடக்கிறது. தின்பவர்கள் தலைமுறைகளாகச் சேர்த்த நுட்பம், சொற்கள், பதம் பார்க்கும் விரல் எல்லாம் அந்தக் கூச்சலில் காதில் விழுவதில்லை. எந்தச் சொல்லகராதியிலும் ஏறாமலே அவற்றில் பல மறைந்துவிடக்கூடும்.

அளவு என்பதை நான் வழிபடவில்லை. 2015 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அதே கிளே சென்டர் நிலையத்தைப் பற்றி விரிவாக எழுதியது. பசு இரட்டைக் கன்று ஈனுமாறு பெருக்கும் முயற்சியில் நலிந்தும் இறந்தும் போன கன்றுகள், கவனிப்பாரின்றி மேய்ச்சல் நிலத்தில் விடப்பட்டு மாண்ட ஆட்டுக்குட்டிகள் பற்றியெல்லாம் அதில் இருந்தது. வேளாண்துறை விசாரிக்க வேண்டியதாயிற்று. இன ஒப்பீட்டு அட்டவணைகளின் நேர்த்தியில் மயங்கியிருந்த எனக்கு அது தேவையான செய்தி. கிலோவிலும் விழுக்காட்டிலும் எழுதிய ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் மூச்சுவிட்ட ஓர் உயிர் இருந்தது. எங்கள் வீட்டில் 'அடிமாடு' என்ற சொல் மறைத்ததை அங்கே எண்கள் மறைத்திருக்கின்றன.

ஆயினும் அந்த ஆய்வாளர்களின் ஒரு நாணயத்தை மதிக்கிறேன். முப்பதாண்டு அளந்துவிட்டு, இதுவே சிறந்த மாடு என்று அவர்கள் எதையும் கிரீடம் சூட்டி நிறுத்தவில்லை. எந்த நிலத்துக்கு, எந்தத் தீவனத்துக்கு, எந்தச் சந்தைக்கு என்று திருப்பிக் கேட்டார்கள். அவை அவை தெரிந்தால் எந்தக் கலப்பு பொருந்தும் என்றார்கள்.

பாட்டில் வருவது எந்த நிணம் என்ற கேள்விக்கு உரைகள் விடை சொல்லவில்லை. தணலில் இட்ட கறியிலிருந்து உருகிச் சொட்டுவதைப் பாடும்போது உள்ளோடியதையும், வெட்டுண்ட உடல்களைப் பாடும்போது மேல்திரண்டதையும் கொள்ளலாம் என்று எனக்குப் படுகிறது. ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது பக்கத்தில் அகராதியோடு, இறைச்சியை விரலால் அழுத்திப் பதம் சொல்லத் தெரிந்த ஒருவரும் உட்கார்ந்திருக்க வேண்டும்.